நியூட்ரலில் வை

"நியூட்ரலில் வை."
நான்கு நாளுக்குப் பிறகு
உன்னிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

ஞாயிறு, ஆறரை மணி.
வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு
பாண்கார முச்சக்கரவண்டியின் பாட்டு இன்னும் வரவில்லை.
எண்பத்திரண்டாம் ஆண்டு புளூபேர்ட்,
உப்புக்காற்று அரித்த மட்கார்ட்,
பல்வைத்தியரிடம் வந்ததுபோல்
பொனெற்றைத் திறந்தபடி நிற்கிறது.

தெமட்டகொடை கராஜில் சொன்னார்கள்:
எஞ்சின் புகைக்கிறது, பிரித்துக் கட்டவேணும்.
கியர்பெட்டி இழுக்கவில்லை, அதையும் பிரிக்கவேணும்.
இரண்டு நோய், இரண்டு பில்,
மொத்தம் ஆறு இலட்சத்து நாற்பதாயிரம்.
அந்தக் கடதாசியை நீ நாலாய் மடித்து
டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டாய்.
வித்துவிடுவம் என்றாய்.
வித்துப்போட்டு?
கார் விலை கேட்டால் காணி விலை சொல்லும் ஊரில்
வேறொன்றுக்கு எங்கே போவது என்றேன்.
அதோடு நின்றது பேச்சு.

நான் கணக்காய்வுக் கந்தோரில் வேலை செய்பவள்.
களஞ்சியக்காரர் சொல்லும் இருப்பை
எண்ணாமல் கையெழுத்து வைத்ததில்லை.
நான்கு இரவும் நீ நித்திரையான பின்
ரோர்ச்சோடு கீழே இறங்கினேன்.
பிரிட்ஜ் வந்த மட்டைப்பெட்டியை விரித்து
காருக்கடியில் தள்ளினேன்.
பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதினேன்:

எஞ்சின் ஒயில், குறையவில்லை.
றேடியேற்றர் தண்ணீர், குறையவில்லை.
கியர்பெட்டி ஒயில், புதனுக்கும் சனிக்கும் இடையில்
ஒரு விரல் குறைவு.
நீ கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தது மூன்று முறை.
மட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

நிலத்தில் விழாத ஒயில்
எங்கே போகும்?

நேற்றுப் பின்னேரம் ரிழ்வி நானாவிடம்
கொம்ப்ரஷன் மீற்றர் இரவல் வாங்கினேன்.
அவரே வந்து சாவி திருப்பினார்.
நான்கு சிலிண்டரும் நூற்றறுபதை ஒட்டி.
சாகிற எஞ்சின் இப்படி மூச்சுவிடாது.
"ஏன் மிஸ் இந்தக் கரைச்சல்" என்றார்.
மீற்றரைத் துடைத்துக் கொடுத்தேன்.

இப்போது நீ வேண்டும்.
கால் மட்டும்.

அழுத்து.
தோட்டத்து ஹோஸ் துண்டின் ஒரு நுனி எஞ்சினில்,
மறுநுனி என் காதில்.
மருதானை ரயில் குறுக்கே விழுகிறது.
கைகாட்டி உன்னை நிறுத்துகிறேன்.
பெட்டி பெட்டியாய் அது முடியும்வரை
பொனெற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கீற்று,
அதில் உன் கண்கள்.
கதவைத் திறந்து தலையை நீட்டினாய்.
தாடையில் பற்பசை.
சொல்லவில்லை.

மறுபடி அழுத்து.
தட்டல் இல்லை. உரசல் இல்லை.
பின்னால் மட்டும் வெள்ளைப் புகை,
எதிர்வீட்டு மதிலில் காயப்போட்ட தலையணைகளை
ஒவ்வொன்றாய் விழுங்குகிறது.
நிறுத்து. சக்கரத்துக்குக் கல் வை.

தாங்கிகளின்மேல் ஏற்றிய காருக்கடியில் மல்லாந்து நகர்ந்தேன்.
கியர்பெட்டியின் பக்கத்தில்
கைக்கடிகாரம் அளவு ஒரு தகரக் குப்பி.
அதிலிருந்து எஞ்சினுக்கு ஏறும் மெல்லிய ரப்பர் குழாய்.
காற்றின் இழுவை தவிர
அதற்குள் எதுவும் இருக்கக்கூடாது.
கழற்றினேன்.
முழங்கை வழியே சிவப்பாய் இறங்கியது.

"ஐயோ, கைய வெட்டிட்டியோ?"
சாரத்தோடு நிலத்தில் குப்புற விழுந்து பார்த்தாய்.
"ரத்தமில்லை. மணந்து பார்."

மணந்தாய்.

"உள்ள ஒரு சவ்வு கிழிஞ்சிருக்கு.
எஞ்சின் இந்தக் குழாயால
கியர்பெட்டிய உறிஞ்சிக் குடிக்குது.
அதுதான் புகை. அதுதான் இழுக்காததும்."

ஒரு பேரேட்டில் காணாமல் போனது
இன்னொன்றில் எரிந்துகொண்டிருந்தது.
கந்தோரில் இதற்கு இரண்டு கிழமை எடுத்திருப்போம்.

"அப்ப ஆறு லட்சம்?"
"பஞ்சிகாவத்தையில பழசொண்டு பத்தாயிரம் சொல்லுவாங்கள்.
ஏழுக்குத் தருவாங்கள்."

நீ சிரிக்கவில்லை.
டாஷ்போர்ட் பெட்டியிலிருந்து கராஜ் கடதாசியை எடுத்து
என் முழங்கையைத் துடைத்தாய்.
அது நன்றாக உறிஞ்சவில்லை.

ஒழுங்கை முனையில் பாண்காரனின் பாட்டு.
எழும்பிப் போனாய், பற்பசையோடு.

கொப்பியில் ஒரு வரி மிச்சம்:
றிவேர்ஸ் போடும்போது வரும் "டொக்".
அதற்கு எனக்கு இன்னும் விடை தெரியாது.
கேட்பதற்கு, யாராவது உள்ளே இருந்து
பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும்.